சொட்டுச் சொட்டாய் நிறையும் மங்கு

"ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?" என்று அலுத்துக்கொள்பவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அவர்கள் 18 வயது ஓட்டுரிமை வந்த கதையைக் கேட்க வேண்டும்.

முன்பு நம் நாட்டில் 21 வயதானால்தான் ஓட்டு. அதை 18 ஆக்கச் சொல்லி மாணவர்கள் சிலர் இயக்கம் தொடங்கினார்கள். 2019 ஜூலையில் மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரித்தனர்; எதிர்த்தவர் ஒருவருமில்லை. ஆனால் 2021 மார்ச்சில், "நடைமுறைக்கு வர 2022 செப்டம்பர் ஆகும்" என்றார்கள். இளைஞர்கள் சோர்ந்துவிடவில்லை, நீதிமன்றப் படியேறினார்கள். ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்தும்படி கூச்சிங் உயர்நீதிமன்றம் செப்டம்பர் 3-இல் உத்தரவிட்டது. டிசம்பர் 15-இல் உரிமை வந்தது.

நம் மலாக்கா சட்டமன்றத் தேர்தலோ நவம்பர் 20-இலேயே முடிந்துவிட்டது! 25 நாளில் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு தவறியது. அதனால் பாடுபட்டது வீணா? இல்லை. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

இப்போது வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. அடையாளக் கார்டிலுள்ள முகவரிப்படிதான் தொகுதி. தோட்டத்தை விட்டு வந்தவர்களே, முகவரியை மாற்றிவிட்டீர்களா? பிள்ளைகளின் கார்டையும் பாருங்கள்.

பால் சொட்டுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மங்கு நிறைவது அதனால்தான்.