பாட்டனார் வீட்டு மரைக் கொம்பு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் விறாந்தைச் சுவரிலே மரைக் கொம்போ புள்ளிமான் கொம்போ பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். வன்னிக் காடுகளிலிருந்து வந்த அக்கொம்புகள் வீட்டுக்கு அழகு செய்ததோடு, சால்வையும் குடையும் கொழுவி வைக்கவும் உதவின. உடுப்பிட்டியில் எங்கள் பாட்டனார் வீட்டிலும் அத்தகைய மரைக் கொம்பு ஒன்று இருந்தது.

1987ஆம் ஆண்டு வடமராட்சியில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையின்போது நாம் அவ்வீட்டை விட்டு வெளியேறினோம். அதன் பின்னர் வீடு பல்லாண்டு கூரையின்றிக் கிடந்தது. அண்மையில் ஓட்டுக் குவியலை அகற்றியபோது கொம்பு அகப்பட்டது. வெயிலில் வெளிறி, மழையில் ஊறி, சுண்ணாம்பு பூசியது போலிருந்தது. நுனியை எலி கறித்திருந்தது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை நாடி எலிகள் இவ்வாறு செய்வதுண்டு.

மாட்டுக் கொம்பு வேறு, மான் கொம்பு வேறு என்பதை மாணவர் அறிதல் வேண்டும். மாட்டுக் கொம்பின் மேலோடு நம் நகத்தையொத்த பொருளாலானது. அது வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். மான் கொம்போ முழுவதும் எலும்பு. உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வளருங்கால் மென்தோல் அதனைப் போர்த்திருக்கும். வளர்ச்சி முடிந்ததும் மான் அதனை மரங்களில் உராய்ந்து தோலைக் களைகிறது. அப்போது படியும் குருதியும் மரப்பட்டைச் சாறுமே கொம்புக்குக் கபில நிறம் தருகின்றன. ஓயாது உராயும் நுனி மட்டும் வெளுத்திருக்கும். ஆகவே, வெளிறிய கொம்புக்கு நிறமூட்டுவது காடு தந்த நிறத்தை மீட்பதேயாகும்.

முதலில் மென்தூரிகையால் தூசியைத் தட்டி, இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தேன். எலும்பை நீரில் ஊறவிடலாகாது. வெளிற்றும் குளோரீன் தூளும் ஆகாது. ஒரு வாரம் நிழலில் உலர்த்திய பின், நுண்ணிய அரத்தாளால் பொடியும் மேற்படையை மெல்லத் தேய்த்தேன். அப்பொழுது அம்மா என் கையைத் தடுத்தார்.

“அந்த இடத்தைத் தேய்க்காதை தம்பி. அப்பு சால்வை கொழுவின இடமெல்லோ அது!”

உற்றுப் பார்த்தேன். கிளை பிரியும் வளைவு பல்லாண்டுத் துணியுராய்வால் கண்ணாடி போல் மழமழப்பாயிருந்தது. வெயிலும் மழையும் அழிக்காததை நான் அழிக்கவிருந்தேன்.

நிறமூட்டப் பொற்றாசியம் பரமங்கனேற்றை எடுத்துக்கொண்டேன். ஒரு கோப்பை நீரில் ஒரு சிட்டிகை போதும். ஊதா நிறக் கரைசலைத் தூரிகையால் தடவினால், காற்றில் உலர்ந்து கபிலமாகும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். நான் அவசரப்பட்டதால் அடிப்பாகம் கறுத்துவிட்டது. எலுமிச்சஞ்சாற்றைத் துணியில் தொட்டுத் துடைத்தேன், கறை தணிந்தது. புளிப்பு எலும்பையும் அரிக்குமாதலால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். நுனிகளைத் தேய்த்து வெளுப்பாக்கி, சால்வை பட்ட வளைவை நிறமூட்டாது விட்டு, இறுதியில் தேன்மெழுகு பூசினேன்.

பரமங்கனேற்றுத் தோலில் கறைபடும், கையுறை அணிக. கிளிசரீன் பட்டால் தீப்பற்றும். சிறுவர் கைக்கு எட்டாதவாறு வைக்குக.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானும் மரையும் காக்கப்படுகின்றன. கொம்பு வேண்டுமென்று புதிதாக விலைக்கு வாங்க எவரும் முற்படலாகாது. முதுசமாக வந்த கொம்பு வைத்திருப்போரும் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கொம்பு மீண்டும் விறாந்தைச் சுவரிலே இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் குடையைக் கொழுவ அதை நாடுகிறார்கள். அந்த வளைவில் மட்டும் எதையும் கொழுவ அம்மா விடுவதில்லை.