சுவருக்கு அந்தப் பக்கம் போக ஊரைச் சுற்ற வேண்டும்

இரண்டு வீடுகளுக்கும் பின்பக்கச் சுவர் ஒன்றுதான். ஆனால் ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போக, தெருவின் ஒரே வாய் வழியாக வெளியேறி, பெருஞ்சாலையில் ஏறி, அடுத்த குடியிருப்புக்குள் திரும்ப வேண்டும். அமெரிக்கப் புறநகர்களில் இது சர்வசாதாரணம். பால் வாங்கவும் காரை எடுக்கிறார்களே என்று குறைபட்டுக்கொள்கிறோம். அங்கே தெரு போட்ட விதமே அப்படி.

இதை அளக்க முடியும். நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்துக்கு 1 என்று மதிப்பிட்டு ஊர் முழுவதற்கும் சராசரி எடுத்தால், அதன் தெருக்கள் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும். கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள், வீடுகள் கட்டப்பட்ட ஆண்டைக் கொண்டு தெருக்களின் வயதைக் கணித்து, 2015இல் அமெரிக்காவின் கணக்கை வெளியிட்டார்கள். 1920களிலிருந்து புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே போய், 1994 வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறியிருக்கிறது.

இறங்கியதற்குக் காரணம் உண்டு. 1929இல் நியூ ஜெர்சியில் ராட்பர்ன் என்ற குடியிருப்பை கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். கார்கள் முட்டுச்சந்தோடு நின்றுவிடும். வீடுகளின் மறுபக்கம் பூங்கா, நடைபாதை, சாலைக்கு அடியில் சுரங்க நடைவழி. பிள்ளைகள் கார்களுக்குக் குறுக்கே போகாமலே பள்ளிக்கு நடக்கலாம். அருமையான யோசனை! பின்னால் வந்த மனை வியாபாரிகளில் பெரும்பாலோர் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பும் 1930களில் சதுரங்கப் பலகை போலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டத் தெருக்களை வேண்டாமென்று சொல்லி, முட்டுச்சந்துகளைப் பரிந்துரைத்தது. கடன் கிடைக்கிற வடிவத்தில்தானே மனை போடுவார்கள்? மரக்கிளைகள் போலப் பிரிந்து பிரிந்து முடியும் இந்த அமைப்பில் அடித்தெரு ஒன்று அடைபட்டால் உள்ளே இருக்கும் அத்தனை வீடுகளும் துண்டிக்கப்படும். ஆம்புலன்ஸுக்கு மாற்றுவழி இருக்காது.

ஒருமுறை போட்ட தெரு லேசில் மாறாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 1666இல் லண்டன் தீயில் எரிந்தபோது, கிறிஸ்டோபர் ரென் அகலமான நேர்ச்சாலைகளோடு புது நகரம் வரைந்து கொடுத்தார். நிலமோ ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்து கிடந்தது. பெரும்பாலும் பழைய தெருக்களின் தடத்திலேயே ஊர் மறுபடி எழுந்தது. கட்டடங்கள் சாம்பலாகியும் தெருவின் கோடு அழியவில்லை.

அதே இரு ஆய்வாளர்களும் 2020இல் உலகம் முழுவதையும் அளந்தார்கள். 1975க்குப் பிறகு உலகத் தெருக்கள் ஒன்றோடொன்று இணைவது குறைந்துவருகிறது. ஜப்பானிலும் தென் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் கட்டத் தெருக்கள் இன்னும் நிலைக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் காவல் போட்ட, மதில் சூழ்ந்த குடியிருப்புகள் பெருகுகின்றன. இதற்கு வழி இல்லாமல் இல்லை. காருக்கு மூடிய முட்டுச்சந்தின் கோடியில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரு சந்து விட அதிக நிலம் தேவையில்லை. ஆனால் அதை மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே கேட்டு வாங்க வேண்டும். மனைகள் கைமாறி மதில்கள் எழுந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.