ஒற்றை பீப்புக்குக் காத்திருந்த காலம்

தொண்ணூறுகளில் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கணினியின் சுவிட்சைப் போட்டால், அது சத்தமில்லாமல் எழுந்ததே கிடையாது. விசிறி இரையும். ஹார்ட் டிஸ்க் வேகம் பிடிக்கும். பிளாப்பி டிரைவ் ஒருமுறை கர்ரென்று உறுமும். கடைசியாக ஒரு குட்டை பீப். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளில் கோயில் அழைப்பிதழும் கல்யாணப் பத்திரிகையும் தட்டிய அச்சகங்களில், அந்த ஒற்றை பீப் வந்த பிறகுதான் அன்றைய வேலை.

பீப் கூடினால் கோளாறு. எத்தனை என்பது கணினியை எழுப்பும் நிரலான பயாஸைப் பொறுத்தது. அவார்ட் பயாஸில் நீளமாக ஒன்றும் குட்டையாக இரண்டும் கேட்டால் டிஸ்பிளே கார்டைப் பார்க்க வேண்டும். ஏ.எம்.ஐ. பயாஸில் அதே கோளாறுக்கு நீளம் ஒன்று, குட்டை எட்டு. எந்த பயாஸ் என்று தெரியாமல் எண்ணிப் பயனில்லை. ரேம் சரியாக உட்காராவிட்டாலும் பெட்டி கத்தும். நம் ஊர் ஈரக்காற்றில் ரேமின் பற்களில் கறை ஏறிவிடும். பென்சில் ரப்பரால் தேய்த்துப் பொருத்தியதிலேயே பிழைத்த பெட்டிகள் ஏராளம்.

பீப் அல்லாத சத்தம்தான் ஆளைச் சோதிக்கும். கோலாலம்பூரின் இம்பி பிளாசாவிலும், 1999இல் திறந்த லோ யாட் பிளாசாவிலும் பழுது பார்த்தவர்களின் கைவசம் எளிய வழி ஒன்று இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியின் நடுக்குமிழைப் பஞ்சுக் குச்சியால் ஒரு நொடி நிறுத்துவார்கள். சத்தம் நின்றால் குற்றவாளி விசிறி: உரசும் ஒயர், தூசி, தேய்ந்த பேரிங். நிற்காவிட்டால் ஸ்குரூடிரைவர் நுனியை ஹார்ட் டிஸ்கில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையை நான் இன்றும் மதிக்கிறேன்.

இன்று பிளாப்பி இல்லை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. புதிய மதர்போர்டு பலவற்றில் பீப்புக்குப் பதில் சிறு விளக்குகள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. பீப் எண்ணத் தெரியாதவருக்கும் இது புரியும், நல்ல முன்னேற்றம். முதல் சில விநாடி விசிறி உறுமி அடங்கினால் அது பழுதல்ல. அதற்காகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

ஆனால் அச்சகங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய ஹார்ட் டிஸ்குகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று சீராக டிக், டிக் என்று தட்டினால், படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். அப்போது சுவிட்சை மறுபடி போடாதீர்கள். தலை தட்டைக் கீறிவிடலாம். கடைக்காரரிடம் முதலில் தகவலை மீட்கச் சொல்லுங்கள், பழுது பிறகு. இன்னும் தட்டத் தொடங்காத டிஸ்க் உங்களிடம் இருந்தால், இந்த வாரமே நகலெடுத்து வையுங்கள்.