பின்வாசல் வழியே வந்தவர்கள்

“அவங்க தமிழச்சியா, வெள்ளைக்காரியா? அதச் சொல்லு மொதல்ல மச்சான்” என்றார் அக்கா வீட்டுக்காரர். வேலூரில் நர்சிங் படிக்கும் அக்கா மகள் லீவுக்கு ஆரணி வந்திருந்தாள். மலாயாவில் இருந்த சிபில் கார்த்திகேசு என்ற நர்ஸைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் பேச்சு அங்கே வந்து நின்றது.

சுலபமான கேள்வி போலத்தான் தெரியும். சிபில் பிறந்தது 1899இல், சுமத்ரா தீவின் மேடான் நகரில். அப்பா அயர்லாந்து வம்சாவளியில் வந்த தோட்டத்துரை. அம்மா பிரசவம் பார்க்கிறவர். மலாயாவில் இவர்களை யுரேசியர் என்பார்கள். நம்மூர் ஆங்கிலோ இந்தியர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சிபிலும் அம்மா வழியில் நர்ஸ் ஆனார். தைப்பிங்கில் பிறந்த ஒரு தமிழ் டாக்டரை 1919இல் கோலாலம்பூரில் கட்டிக்கொண்டார். ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்பது அவர் பெயர்; கத்தோலிக்கரான பிறகு ஏ.சி. கார்த்திகேசு. இருவருமாக ஈப்போவில் கிளினிக் நடத்தினார்கள். சிபில் சீன நோயாளிகளிடம் கான்டனீஸில் பேசுவார்.

“பாவு பெங்களூரு, ஜரிகை சூரத்து. விக்கிறப்ப ஆரணிப் பட்டுதான?” என்றார் அக்கா வீட்டுக்காரர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புடவைக்கு வாயில்லை, அது யார் பக்கமும் சாய்வதும் இல்லை. சிபில் சாய்ந்தார். மலேசியாவில் இன்றைக்கும் படிவம் நிரப்பினால் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று கட்டம் கேட்கும். எந்தக் கட்டத்தில் சிபிலைப் போடுவது என்ற வாக்குவாதத்தில், அவர் என்ன செய்தார் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்தபோது குடும்பம் ஈப்போவை விட்டுப் பக்கத்திலிருந்த பப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. மெயின் தெரு, 74ஆம் எண் வீடு. அங்கே மருந்தகம் திறந்தார்கள். பகலில் ஊர்க்காரர்கள் முன்வாசலில் வருவார்கள். இரவில் பின்வாசல் வழியே காட்டிலிருந்து கெரில்லாக்கள் வருவார்கள், உடம்பில் குண்டுக் காயத்தோடு. மலாயா மக்களின் ஜப்பான் எதிர்ப்புப் படை என்று பெயர். பெரும்பாலும் சீனர்கள், நடத்தியது கம்யூனிஸ்ட் கட்சி. சிபில் குண்டை எடுத்துக் கட்டுப் போட்டு அனுப்புவார். அதோடு நிற்கவில்லை. வீட்டில் ரேடியோ ஒன்றை ஒளித்துவைத்து, ‘ஜோசபின்’ என்று அதற்குப் பெயரும் வைத்து, பி.பி.சி. செய்தி கேட்டுக் காட்டுக்குச் சொல்லி அனுப்பினார். மாட்டினால் தலை போகும் குற்றம்.

1943இல் மாட்டினார். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் என்னவெல்லாம் செய்தது என்பதை அக்கா மகளிடம் நான் முழுக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன். ஏழு வயதுகூட நிரம்பாத கடைசி மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் சிபில் ஒரு பெயரைச் சொல்லவில்லை. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை அந்த இடத்தில் நின்றுவிட்டது.

இனி நம்மவர்களுக்குச் சங்கடமான பகுதி. அதே 1943இல்தான் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கினார். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள், கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடிக்கப் போனார்கள். அந்தப் படைக்குத் துணை நின்றது ஜப்பான். ஒரே நாட்டில், ஒரே வருஷத்தில், ஒரு தமிழ் வீட்டு மருமகள் ஜப்பானியச் சிறையில் கிடக்கிறார். தோட்டத்துப் பெண்கள் ஜப்பானின் தோழமைப் படையில் அணிவகுக்கிறார்கள். இன்னொரு பக்கம் சயாம் ரயில் பாதைக்கு அதே ஜப்பான் இழுத்துப்போன தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். யார் சரி என்று ஒரு டீ நேரத்தில் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் மலாயாத் தமிழரின் போர்க்கதை என்றால் நேதாஜியோடு ஆரம்பித்து நேதாஜியோடு முடிக்கிற நம் பழக்கத்தில் சிபிலுக்கு இடம் கிடைக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் அவர் வசதியாக இருந்தாரா? 1945இல் விடுதலையானதும் சிகிச்சைக்கு இங்கிலாந்து கூட்டிப்போனார்கள். 1947இல் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். சிறையில் பட்ட அடியே கடைசியில் உயிரை வாங்கி, 1948 ஜூனில் ஸ்காட்லாந்தில் இறந்தார். அதே மாதம்தான் மலாயாவில் அவசரநிலை வந்தது. அவர் கட்டுப் போட்டு அனுப்பிய ஆட்களின் கட்சியை வேட்டையாட அதே பிரிட்டிஷ் அரசு கிளம்பியது. அந்தக் கட்சியின் தலைவர் சின் பெங்குக்கும் போர்ச் சேவைக்காக ஓ.பி.இ. விருது அறிவித்திருந்தார்கள், பிறகு அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். சின் பெங் 2013இல் பாங்காக்கில் இறந்தபோது சொந்த நாட்டில் புதைக்க மலேசிய அரசு இடம் தரவில்லை. சிபிலின் உடலோ 1949லேயே ஈப்போவுக்குக் கப்பலில் திரும்பி வந்தது. அங்கே ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. பப்பான் வீட்டைத் தனி ஆர்வலர்கள் நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள்.

லண்டனிலும் இப்படி ஒரு சண்டை நடந்தது. கிரிமியப் போரில் சிப்பாய்களைக் கவனித்துக்கொண்ட ஜமைக்காவின் மேரி சீக்கோலுக்கு 2016இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் சிலை வைத்தார்கள். அவர் ஹோட்டல் நடத்தியவர், நைட்டிங்கேல் நர்சிங் பள்ளி தொடங்கிய மருத்துவமனையில் அவருக்கென்ன சிலை என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. அவர் செய்தது நர்ஸ் வேலையா இல்லையா என்பது அங்கே சண்டை. சிபில் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. யாருக்குச் செய்தார் என்பதுதான் உறுத்தல். அதனால் விழாக்களில் ‘கருணையே உருவான தாதி’ என்று சொல்லிவிட்டு, கருணை பெற்றவர்களின் கட்சியைச் சொல்லாமல் நகர்ந்துவிடலாம். அது எனக்கு ஒப்பவில்லை. அவர் நடுநிலை வகித்தவர் அல்ல. பிரிட்டிஷ் விசுவாசி, தீவிர கத்தோலிக்கர். அப்படியிருந்தும் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார், தெரிந்தே உதவினார்.

அக்கா மகள் வேறொரு இடத்தில் பிடித்துக்கொண்டாள். “துப்பாக்கிக் காயம்னா எம்.எல்.சி. போடணுமே மாமா? போலீசுக்குச் சொல்லாம இருந்தா தப்பில்லையா?”

போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்று பதிவதைத்தான் எம்.எல்.சி. என்கிறாள். படிக்கிற பிள்ளை, சரியாகத்தான் கேட்டாள். நம் நாட்டில் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை பிறகு என்று சொன்னது. பிறகாவது போலீசுக்குத் தகவல் போக வேண்டும். பப்பானில் அந்தப் போலீஸ் கெம்பெய்தாய். சிபில் காயத்தைப் பார்த்தார், போலீசுக்குச் சொல்லவில்லை. நாளைக்கு இவள் வகுப்பில் எழுந்து பேசினால் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். சட்டப்படி அது குற்றம்தான், அந்தக் குற்றத்துக்காகத்தான் அவரைப் பற்றி நாம் பேசுகிறோம் என்று சொல்லச் சொன்னேன். “அப்ப தமிழச்சியான்னு கேட்டா?” என்றாள். அந்த வீட்டு மருமகள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ என்றேன்.