மருந்தைக் காக்கும் கரைசல்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக் கரையிலும் பாம்புக்கடி இன்றும் அஞ்சத்தக்கதே. வரண்ட கரையோர மணற்பாங்கு சுருட்டை விரியனுக்கு உகந்த உறைவிடம். கடியுண்டார்க்கு இலங்கை மருத்துவமனைகள் பல்லாண்டுகளாக இந்தியாவிற் செய்யப்படும் விடமுறி மருந்தை வழங்கி வருகின்றன. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விடத்தையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியில் உண்டாகும் பிறபொருளெதிரிகளைப் பிரித்து இதனை ஆக்குவர். இம்மருந்து கெடாது நிற்பது எவ்வாறு என்பதை இம்மலரில் ஆராய விழைகின்றோம்.

பிறபொருளெதிரி ஒரு புரதம். வெம்மையாலும் உறைவாலும் குலுக்கலாலும் அதன் மடிப்பு அவிழ, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்ட மருந்து வலுவிழக்கும். நோயாளிக்கு ஒவ்வாமை முதலிய தீங்குகளையும் விளைக்கக்கூடும். இதனைத் தடுக்கும் முதற் காவல் யாது? அது கரைந்துள்ள நீரின் அமிலநிலையே.

பால் திரிவதை நாமெல்லோரும் கண்டுள்ளோம். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத் துகள்கள் எதிர்மின்னேற்றம் பூண்டு ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. புளிப்பேறிப் பீ.எச். பெறுமானம் 4.6ஐ அணுகுங்கால் ஏற்றம் சமனாகித் தள்ளுகை ஒழிகிறது; பால் திரிகிறது. இந்நிலையைச் சமமின்புள்ளி என்பர். இது புரதத்துக்குப் புரதம் வேறுபடும். ஆதலின் மருந்தின் பீ.எச். அப்புள்ளியினின்று விலகி நிற்றல் வேண்டும். அளவிறந்து விலகினாலோ புரதமே சிதையும்.

பீ.எச். அளவை 1909ஆம் ஆண்டில் வகுத்தவர் கோப்பன்கேகன் காள்சுபேக்கு ஆய்வுகூடத்துச் சோரென்சென் என்பார். அசற்றிக்கமிலமும் சோடியம் அசற்றேற்றும் கலந்த கரைசலிற் சில துளி அமிலம் விடினும் பீ.எச். பெரிதும் மாறாமையை ஆய்வுகூடத்திற் கண்ட மாணவர், தாங்கற் கரைசலின் இயல்பை அறிவர். எனினும் எல்லாத் தாங்கற் கரைசலும் எல்லா மருந்துக்கும் பொருந்தா. சோடியம் பொசுபேற்றுக் கரைசலை உறையச் செய்யின், இருசோடியம் பொசுபேற்று முந்திப் பளிங்காகிப் பிரிய, எஞ்சிய கரைசல் புளிப்பேறும். எனவே உறையவைத்து உலர்த்தும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் வேறு கரைசலையே நாடுவர். இன்று உயிரணு வளர்ப்பினாலும் பிறபொருளெதிரிகள் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் மார்புப் புற்றுநோய்க்குரிய திரசுற்றுசுமாப்பு, பீ.எச். 6 அளவில் இசுற்றிடீன் என்னும் அமினோவமிலக் கரைசலில் அமைந்து, திரெகலோசு என்னும் வெல்லத்தோடு உலர்த்தப்படுகிறது. நீர் நீங்கிய இடத்தில் அவ்வெல்லம் நின்று புரதத்தின் மடிப்பைத் தாங்குகிறது. அடலிமுமாப்பு என்னும் மருந்திலோ, ஊசியேற்றும் இடத்தில் எரிவு தந்தமையாற் சித்திரேற்று பின்னர் நீக்கப்பட்டது. புரதத்தின் இயல்பு, அது கடக்கும் வழி, அதனை ஏற்கும் உடல் ஆகிய மூன்றையும் நோக்கியே கரைசலைத் தெரிதல் வேண்டும்.

நீர்வடிவான விடமுறி 2 முதல் 8 பாகை வெப்பநிலையிற் பேணப்படல் வேண்டும். உலர்ந்த தூளோ வெம்மையை அதனினும் நன்கு தாங்கும். நெடுந்தொலைவிலுள்ள ஊர்களுக்கு இது பெரும்பேறு. தூளைத் தூயநீரிற் கரைக்குங்கால் நுரையெழக் குலுக்காது, குப்பியை மெல்லச் சுழற்றுதல் வேண்டும். காற்றும் நீரும் கூடும் மேற்பரப்பில் புரதத்தின் மடிப்பு அவிழ்ந்துவிடும்.

மாணவ நண்பர்களே, பாடநூலிலே தாங்கற் கரைசல் சில வரிகளில் முடிந்துவிடலாம். இரவில் வயல் வரம்பில் கடியுண்ட ஒருவர் பிழைப்பதற்கு அவ்வரிகளின் பொருளும் துணைநிற்கிறது என்பதை உளங்கொண்டு பயில்வீராக.