இப்ப என்ன பாட்டு ஓடுது?

காலர் ட்யூனைப் போல விசித்திரமான வியாபாரம் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். மாதாமாதம் காசு கட்டுவது ஒருவர், பாட்டைக் கேட்பது வேறொருவர். நம்மை அழைப்பவரின் காதில் மட்டுமே அது ஒலிக்கும். நாம் போனை எடுத்ததும் நின்றுபோகும். இருந்தும் ஒரு காலத்தில் புதுப் படத்தின் பாட்டு வெளியானால் போதும், அடுத்த வாரமே ஊரில் பாதிப் பேரின் காலர் ட்யூன் மாறியிருக்கும். பக்திமான் வீட்டுக்குப் போன் போட்டால் முருகன் பாட்டு, கட்சிக்காரருக்குப் போட்டால் தலைவர் பாட்டு. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க அழைத்தவரும் அரை நிமிஷம் அதை ரசித்தே ஆகவேண்டும்.

தன் காதுக்கு வராத பாட்டுக்கு ஒருவர் ஏன் காசு கட்டுகிறார்? இதற்கு முந்தைய தலைமுறையிலும் இதே கதைதான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு, கடல் தாண்டித் தமிழ்நாட்டிலிருந்தும் அஞ்சலட்டைகள் குவிந்தன. நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் ஒரு நீண்ட பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று ஊர்ப் பெயரோடு வரும். அந்தப் பாட்டு எப்படியும் அந்த வாரம் நாலு முறை ஒலிபரப்பாகும் என்பது எழுதிப் போட்டவருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது பாட்டு அல்ல. அந்தப் பாட்டை விரும்பியவர் தாம்தான் என்பது நாலு பேருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டு வைப்பவர் செய்வதும் அதையேதான், அஞ்சலட்டைச் செலவு மட்டும் மிச்சம்.

கேட்கும் பாட்டை நாலு பேருக்குச் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதை உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் சுமார் இருபது ஆண்டுகளாக அளந்து பார்த்துவருகிறார்கள். சொல்பவரை அது கொஞ்சம் மாற்றுகிறது, கேட்டுக்கொள்பவரையும் மாற்றுகிறது. பாட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான் இதில் வியப்பான சேதி.

முதலில் சொல்பவரைப் பார்ப்போம். பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் கோஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத 60 கல்லூரி மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஆறு வாரம் இணையத்தில் பேசிப் பழகச் சொன்னார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். சினிமா, புத்தகம், விளையாட்டு, உடை என எத்தனையோ இருந்தும் அதிகம் பேசப்பட்டது இசைதான். அதே ஆய்வில் இன்னொரு பகுதி. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளைக் கொடுத்தார்கள். அவர்களைப் பார்த்தேயிராத சிலர் அந்தப் பாட்டுகளை மட்டும் கேட்டு, இவர் எப்படிப்பட்டவர் என்று கணித்தார்கள். புதியவற்றை நாடும் குணமும் கற்பனை நாட்டமும் எவ்வளவு என்பதை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆள் ஒழுங்கானவரா, எடுத்த காரியத்தை முடிப்பவரா என்பதைப் பாட்டு காட்டிக்கொடுக்கவில்லை. பெண் பார்க்கவும் மாப்பிள்ளை பார்க்கவும் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பத்துப் பாட்டை நாமே தேர்ந்தெடுத்துச் சொல்வது ஒன்று. நாம் கேட்பதையெல்லாம் ஒரு மென்பொருள் குறித்துவைத்து ஊருக்குக் காட்டுவது வேறு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்த ரிச்சர்ட் ஜோன்ஸ், 2002-ல் தம் படிப்புக்கான திட்டப்பணியாக ஆடியோஸ்க்ராப்ளர் என்ற நிரலை எழுதினார். கணினியில் பாட்டு ஓடினால் அதன் பெயர் தானாகவே உங்கள் பக்கத்தில் பதிவாகும். பாட்டு 30 விநாடிக்கு மேல் நீளமாக இருக்கவேண்டும், பாதியாவது அல்லது நாலு நிமிஷமாவது ஓடியிருக்கவேண்டும் என்பது பின்னாளில் நிலைத்த விதி. இது லாஸ்ட்.எஃப்எம் என்ற தளத்தோடு இணைந்தது. 2007-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் அந்தத் தளத்தை 28 கோடி டாலருக்கு வாங்கியது. வாயால் சொன்னால் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம், இயந்திரம் குறித்தால் உள்ளது உள்ளபடி வந்துவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

மனிதர்கள் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பார்களா? 2011-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பின்லாந்து ஆய்வாளர்கள் அந்தத் தளத்தைப் பயன்படுத்துவோரிடம் உட்கார்ந்து பேசினார்கள். வெளியே தெரிந்தால் கூச்சம் தரும் பாட்டைப் போடும்போது பதிவை நிறுத்திவைப்பவர்கள் இருந்தார்கள். இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், தங்கள் பக்கத்தில் ஏறவேண்டிய பாட்டை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். பாட்டு ஓடுகிறது, கணக்கு ஏறுகிறது, கேட்க ஆளில்லை. காலர் ட்யூனாவது அடுத்தவர் காதில் விழும், இது அதுவுமில்லை.

அலுவலகங்களிலும் இதே நாடகம்தான். ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்கள் ஒருவர் பாட்டுக் கிடங்கை மற்றவர் பார்க்கும் வசதியை ஐட்யூன்ஸ் கொண்டுவந்தபோது, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்களை ஆராய்ந்தவர்கள் 2005-ல் எழுதியது: தம் தொகுப்பு சக ஊழியர்கள் கண்ணில் எப்படிப்படும் என்று யோசித்தே பலர் அதை ஒழுங்குபடுத்திவைத்தார்கள். விருந்தாளி வருமுன் கூடத்தைப் பெருக்குவது மாதிரிதான்.

இவையெல்லாம் தனிமனிதரின் சின்னச் சின்னப் பாசாங்குகள், அவற்றால் யாருக்கும் நட்டமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் நாலு பேர் கேட்பது நாற்பது பேருக்குத் தெரியும்போது சங்கதி வேறாகிறது. இதற்கு நான் படித்தவற்றுள் மிக நேர்த்தியான சோதனை, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் நடத்தியது. 2006-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

அவர்கள் ஒரு இணையதளம் அமைத்து, யாரும் கேள்விப்படாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை அதில் வைத்தார்கள். வந்தவர்கள் மொத்தம் 14,341 பேர், பெரும்பாலும் இளவட்டங்கள். பிடித்த பாட்டைப் போட்டுக் கேட்கலாம், மதிப்பெண் போடலாம், வேண்டுமென்றால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வந்தவர்களுக்குத் தெரியாத ஒன்று, தளத்துக்குள் பல தனித்தனி உலகங்கள் இருந்தன. ஓர் உலகத்தில் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரியும். அங்கே ஒவ்வொருவரும் தம் காதை மட்டுமே நம்பவேண்டும். மற்ற எட்டு உலகங்களில், தமக்கு முன் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். அதுவும் அந்தந்த உலகத்துக்குள் உள்ள எண்ணிக்கை மட்டும்தான். எட்டிலும் கணக்கு பூஜ்யத்தில்தான் தொடங்கியது.

நம் ஊர் வரலாற்றை எட்டுத் தடவை திரும்ப ஓட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே பாட்டுகள், அதே மாதிரி ஜனங்கள். வெற்றி என்பது பாட்டின் தரத்தால் வருவதென்றால் எட்டு உலகத்திலும் ஒரே பாட்டுதானே முதலிடம் பிடிக்கவேண்டும்? பிடிக்கவில்லை. '52மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' என்ற பாட்டு, காதை மட்டும் நம்பியவர்களிடம் 26-ஆவது இடம் பெற்றது, அதாவது சுமார் ரகம். எண்ணிக்கை தெரிந்த ஓர் உலகத்தில் அது முதலிடம். இன்னொரு உலகத்தில் 40-ஆவது இடம்! தொடக்கத்தில் வந்த சிலர் தற்செயலாக அதை இறக்கினார்கள், அதைப் பார்த்து அடுத்தவர் கேட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். அவ்வளவுதான் வித்தியாசம். பட்டியலை எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்கிக் காட்டியபோது இந்த விளைவு இன்னும் கூடியது. பெரிய பாட்டுகள் மேலும் பெரிதாயின, எது பெரிதாகும் என்பதைக் கணிப்பது மேலும் கடினமாயிற்று.

தரத்துக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பெருங்கூட்டத்துக்குத்தான் எதுவும் நடக்கலாம். "இந்தப் பாட்டு ஹிட்டாகும்னு அன்னைக்கே தெரியும்" என்று பேட்டி கொடுக்கும் தயாரிப்பாளர்கள் இந்தக் கட்டுரையைப் படித்தால் வருத்தப்படுவார்கள்.

சால்கானிக்கும் வாட்ஸும் 2008-ல் இன்னொரு சோதனையையும் வெளியிட்டார்கள். கொஞ்சம் குறும்பான வேலை. எண்ணிக்கையைத் தலைகீழாகப் புரட்டி, கடைசியில் கிடந்த பாட்டை முதலிடத்திலும் முதல் பாட்டைக் கடைசியிலும் வைத்துக் காட்டினார்கள். பொய்யாக உயர்த்தப்பட்ட பாட்டுகள் பலவும் நிஜமாகவே விரும்பப்படத் தொடங்கின. ஆனால் உண்மையிலேயே சிறந்த ஒருசில பாட்டுகள் நாளடைவில் மெல்ல மெல்ல மேலேறி வந்தன. பொய்ப் பட்டியலைக் கண்டவர்கள் மொத்தத்தில் குறைவான பாட்டுகளையே இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அடுத்தவர் ரசனை நம்மை எப்படி அசைக்கிறது? அட்லான்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் பதின்பருவத்தினரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மைஸ்பேஸ் தளத்தில் எடுத்த அறிமுகமில்லாத பாட்டுகளைக் கேட்கவைத்தார்கள். மதிப்பெண் போட்டபின், அந்தப் பாட்டு மற்றவர்களிடையே எவ்வளவு பிரபலம் என்பதைக் காட்டி, மறுபடி மதிப்பெண் கேட்டார்கள். மனம் மாறியவர்கள் பெரும்பாலும் கூட்டம் போன பக்கமே மாறினார்கள். அப்போது அவர்கள் மூளையில் கிளர்ந்தவற்றுள் பதற்றத்தோடு தொடர்புடைய பகுதிகள் முக்கியமானவை. ஊரோடு ஒத்துப்போகிற சுகத்தைவிட, ஒத்துப்போகாத பதற்றம்தான் அவர்களை அசைத்தது என்று ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டுகளின் விற்பனைக் கணக்கோடு பழைய ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் வாயால் சொன்ன மதிப்பெண்ணுக்கும் விற்பனைக்கும் தொடர்பில்லை. அவர்கள் மூளையின் மகிழ்ச்சி மையத்தில் தெரிந்த அசைவுக்கும் விற்பனைக்கும் தொடர்பு இருந்தது, சிறிதளவே என்றாலும்.

இதுவரை படித்ததை வைத்து, பாட்டைப் பகிர்வதெல்லாம் வேஷமும் பயமும் மட்டும்தான் என்று முடிவுகட்டினால் அது அவசரம். வேஷம் போடத் தெரியாத வயதிலும் இது இருக்கிறது.

கயே சோலே, எலிசபெத் ஸ்பெல்கி இருவரும் நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் இரண்டு பிள்ளைகளின் படத்தைக் காட்டி, இவர்களில் யாரோடு நட்பு வைத்துக்கொள்வாய் என்று கேட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த பாட்டைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளையையே குழந்தைகள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா பிடிக்காதா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. பாட்டு தெரிந்திருந்தால் போதும். ஐந்து மாதக் கைக்குழந்தைகளிடம் சாமுவேல் மேர் குழுவினர் செய்த சோதனை இதைவிட நுட்பமானது. ஒரு புதுப் பாட்டைப் பெற்றோர் வீட்டில் ஓரிரு வாரம் பாடிவந்தார்கள். பிறகு முன்பின் தெரியாத இருவரைக் குழந்தைக்குக் காட்டினார்கள். ஒருவர் அந்தப் பாட்டைப் பாடினார், மற்றவர் வேறொன்றைப் பாடினார். தெரிந்த பாட்டைப் பாடியவரையே குழந்தை அதிகநேரம் பார்த்தது. அதே பாட்டைப் பெற்றோருக்குப் பதிலாக ஒரு பொம்மை பாடிப் பழக்கியிருந்தால் அந்த ஈர்ப்பு வரவில்லை.

என் கணிப்பில் இந்த ஆய்வுகளிலெல்லாம் ஆழமானது இதுதான். பாட்டு ஆளிடமிருந்து ஆளுக்கு வருவது. நமக்குத் தெரிந்த பாட்டு இன்னொருவருக்கும் தெரியும் என்றால், அவரும் நம்மைப் போன்றவர்களிடையே வளர்ந்தவர் என்று பொருள். ரசனையெல்லாம் பிறகு வருவது. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் பாட்டு லிஸ்ட்டோடு போனவர்கள் அந்தக் கேசட்டை நண்பனிடம் கொடுக்கும்போது "கேட்டியா?" என்றுதான் கேட்டார்கள். "பிடிச்சுதா?" என்பது இரண்டாவது கேள்வி.

சேர்ந்து கேட்டால் பாட்டு கூடுதலாக இனிக்குமா என்பதில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் ஒரு சோதனையில், குழுவாக உட்கார்ந்து கேட்டபோதைவிடத் தனியாகக் கேட்டபோது மயிர்க்கூச்செறிதல் அதிகமாக இருந்தது. சுவீடனில் இன்னொன்றில், நெருங்கிய நண்பரோடோ துணையோடோ கேட்டபோது உணர்ச்சி வலுத்தது. யாரோடு கேட்கிறோம் என்பதில் விடை இருக்கலாம்.

தனியாகக் கேட்பதற்கென்றே பிறந்த கருவியாக நாம் நினைக்கும் வாக்மேனும் அப்படிப் பிறக்கவில்லை. மாதிரிக் கருவியை வீட்டுக்கு எடுத்துப்போன சோனியின் அகியோ மொரிட்டா, தாம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால் மனைவி எரிச்சலடைவதைக் கவனித்தார். 1979 ஜூலையில் விற்பனைக்கு வந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. இருவரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டுச் சத்தம் குறைந்து, மைக் வழியே பேச்சு கேட்கும். ஆனால் வாங்கியவர்கள் தனித்தனியாகவே கேட்டார்கள். பின்னர் வந்த மாடல்களில் பொத்தானும் போயிற்று, இரண்டாவது துளையும் போயிற்று. ஒரே ஐபோனில் இரண்டு ஜோடி வயர்லெஸ் இயர்போன்களை இணைத்துக் கேட்கும் வசதி 2019-ல் வந்தபோது, நாற்பது ஆண்டு கழித்து அந்த இரண்டாவது துளை திரும்பி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்டது ஒரே பாட்டுகூட அல்ல. ஸ்டீரியோ பதிவில் இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு ஒலிகளைச் சுமக்கும். பீட்டில்ஸின் தொடக்ககால ஸ்டீரியோ பதிப்புகளில் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமுமாகப் பிரிந்தே கிடக்கும். அதைப் பகிர்ந்து கேட்டால் ஒருவருக்குப் பாடகர், மற்றவருக்குப் பக்கவாத்தியம். இப்போதும் ஒயர் இயர்போனில் இப்படிக் கேட்பவர்கள் போனின் செட்டிங்ஸில் 'மோனோ ஆடியோ' என்பதைத் தேடிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்காக வைத்த வசதி அது. போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் கலந்து, ஆளுக்கு முழுப் பாட்டு கிடைக்கும்.