பழைய சாகா ‘ஒரிஜினல்’தானா? விலை பேசும் முன் பார்க்க வேண்டியவை

பங்சார்: “எல்லாம் ஒரிஜினல்!” பழைய காரை விற்பவர் வழக்கமாகச் சொல்லும் சொல் இது. நம்மில் பல குடும்பங்களின் முதல் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமானது. நாற்பது ஆண்டுகள் கடந்த நிலையில், அப்பா ஓட்டிய அதே மாதிரிக் காரைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். பாகங்கள் அசலாக இருந்தால் விலையும் கூடுகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

முதலில், அசல் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் காரில் இருந்த பாகமே அசல். அதே நிறுவனத்தின் பாகத்தைப் பின்னர் வாங்கிப் பொருத்தியிருந்தால் அது தரமான மாற்று, அசல் அல்ல.

சாகாவில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தேசியக் காரில் ஜப்பானின் மிட்சுபிஷி முத்திரை ஏன்? சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோர் காரை அடிப்படையாகக் கொண்டு உருவானது. தொடக்கக் கால சாகாவின் என்ஜினும் மிட்சுபிஷியுடையதே. ஆகவே அந்த முத்திரையைக் கண்டதும் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதே சமயம், அது மட்டுமே சான்றாகவும் ஆகாது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ‘ஹாஃப்-கட்’ காரின் என்ஜினிலும் அதே முத்திரை இருக்கலாம்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பவை எண்கள். என்ஜின் பிளாக்கில் உள்ள எண்ணையும் சட்டகத்தில் பொறித்த சாசி எண்ணையும் நாம் ‘கிராண்ட்’ என்று அழைக்கும் பதிவு ஆவணத்துடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, பற்றவைத்த தழும்போ, அங்கு மட்டும் புதுச் சாயமோ இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது. உரிமை மாற்றத்துக்கான புஸ்பகோம் பரிசோதனையிலும் இந்த இரண்டு எண்களும் பார்க்கப்படும். அவை பொருந்தாவிட்டால் பணம் போன பிறகும் கார் உங்கள் பெயருக்கு மாறாது. என்ஜின் மாற்றப்பட்டிருந்தால், அது ஜே.பி.ஜே. பதிவில் திருத்தப்பட்டுள்ளதா என்று கேளுங்கள்.

அடுத்தது சின்னம். தொடக்கக் கால சாகாவின் சின்னம் பிறையும் 14 முனை நட்சத்திரமும். புலித்தலைச் சின்னம் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. 1980-களின் காரில் புலித்தலை இருந்தால், அது பின்னர் மாட்டப்பட்டது. ஆனால் பழைய சின்னத்தைத் தேடி வாங்கி ஒட்டுவதும் எளிது என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்பாளர் முத்திரைகளை வரிசையாகப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறுபட்டால் அது மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இருக்கை வார்ப்பட்டையின் அடியில் உள்ள துணிச்சீட்டில் தேதி இருந்தால், அது காரின் வயதுடன் ஒத்துப்போக வேண்டும்.

உடற்பகுதிக்கு ஒரு சிறு காந்தம் போதும். கீறல் விழாமல் அதை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி பூசியிருக்கலாம். கதவு ரப்பருக்குள்ளும் பூட் கம்பளத்தின் அடியிலும் உள்ள சாயம் வெளிநிறத்துடன் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். போல்ட் தலைகளில் சாயம் உடைந்திருந்தால் அந்தப் பாகம் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கும்.

இத்தனை ஆண்டு ஓடிய காரில் பிரேக், ரப்பர் குழாய், டயர் போன்றவை மாறாமல் இருக்க முடியாது. பாதுகாப்புக்காக அவை மாறியே ஆக வேண்டும். மாற்றியதைச் சொல்லி விற்பதில் தவறில்லை. மறைத்து விற்பதுதான் ஏமாற்று.

வீட்டில் பழைய சாகா நிற்கிறதா? அப்பா வைத்திருந்த பட்டறை ரசீதுகளையும் கழற்றிய பழைய பாகங்களையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நாளை அந்தக் காரின் கதைக்கு அவையே சாட்சி.